கெட்டவர் யார்? – பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் வாழ்வும் ஒரு சொல்லின் வரலாறும்

தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் மூதுரை புதிதன்று. பால் காய்ச்சினாலும் சுவை குன்றாது, சங்கு சுட்டாலும் வெண்மையே தரும் என்னும் உவமைகளைச் சொல்லி, மேன்மக்களின் இயல்பை ஔவையார் விளக்கிய பாடலை நாம் அனைவரும் மனனம் செய்து ஒப்புவித்திருப்போம். அந்தப் பாடலில் 'கெட்டாலும்' என்றொரு சொல் வருகிறது. இன்றைய வழக்கில் கெட்டவன் என்றால் தீயவன், கெட்ட பழக்கம் என்றால் தீய பழக்கம். இந்தப் பொருளை அப்படியே கொண்டுபோய் அந்தப் பாடலில் பொருத்திப் பாருங்கள். மேன்மக்கள் தீயவர்களாக மாறிவிட்டாலும் அவர்கள் மேன்மக்களே என்று ஔவையார் சொன்னதாக ஆகிவிடும். ஒரு நீதிப்பாடல் அநீதிக்குச் சான்றாகிவிடும்!

பாடல் மாறவில்லை, சொல்தான் மாறியிருக்கிறது. ஔவையார் அந்தச் சொல்லால் குறித்தது இழப்பை. செல்வம் போய், நிலை தாழ்ந்து, வறுமை வந்தாலும் மேன்மக்கள் தம் பண்பில் குறைய மாட்டார்கள் என்பதே அவர் கருத்து. அழிவையும் இழப்பையும் குறித்து வந்த ஒரு சொல், காலப்போக்கில் தீமையைக் குறிக்கும் சொல்லாக ஆகியிருக்கிறது. இந்த மாற்றத்தை அறியாதவன் தமிழைப் படிக்கலாம். ஆனால் அது சொல்வதைக் கேட்க முடியாது.

ஒரு சொல் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் வழங்கியது என்பதைச் சான்று கொண்டு காண வேண்டும் என்னும் கொள்கைக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையே அவர். அவருடைய பெயரைப் பல்கலைக்கழக நூலகத்தில் தடித்த நூல்களின் முதுகில் பார்த்திருப்போம். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே.

வழக்கறிஞர் தமிழறிஞரான கதை

வையாபுரிப்பிள்ளை 1891ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் சிக்கநரசய்யன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பயின்று, பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். தமிழ்ப் பாடத்தில் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறிச் சேதுபதி தங்கப் பதக்கத்தை வென்றார். இன்று நம்மில் பலர் செய்வதைப்போல அவரும் தமிழை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பிழைப்புக்கு வேறொரு துறையைத் தேர்ந்தார். சட்டம் பயின்றார். திருவனந்தபுரத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகளும் பின்பு திருநெல்வேலியில் மூன்றாண்டுகளும் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார்.

அந்தப் பத்தாண்டுகள் வீணாகவில்லை. திருவனந்தபுரத்தில் கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளை போன்ற அறிஞர்களின் நட்பு அவருக்குக் கிடைத்தது. சுந்தரம்பிள்ளையின் மனோன்மணீயத்தை ஆராய்ந்து 1922இல் பதிப்பித்தார். மலையாளம் வழங்கும் ஊரில் வாழ்ந்ததால் நம் மொழியின் உடன்பிறப்பை அன்றாடம் செவியால் கேட்கும் வாய்ப்பும் வந்தது. மலையாளத்தில் விளக்கு அணைந்துபோனால் விளக்கு கெட்டது என்றே சொல்வார்கள். அங்கே விளக்கு தீயதாகிவிடவில்லை. ஒளியை இழந்தது, அவ்வளவுதான். நம் சொல்லின் பழைய முகத்தை அண்டை வீட்டார் இன்னும் அழியாமல் வைத்திருக்கிறார்கள்.

நீதிமன்றம் அவருக்குக் கற்றுத் தந்தது இன்னொன்று. அங்கே ஒருவர் எவ்வளவு உணர்ச்சியோடு பேசினாலும் சான்று இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. ஆவணத்தின் நாள் என்ன, எழுதியவர் யார், சாட்சி நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்தக் கேள்விகளையே அவர் பிற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளிடமும் சொற்களிடமும் கேட்டார்.

பேரகராதி

தமிழில் சொற்பொருள் கூறும் நூல்கள் பழங்காலந்தொட்டே உண்டு. நிகண்டுகள் சொற்களைச் செய்யுளில் கோத்துத் தந்தன. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தார். வின்சுலோ பாதிரியாரின் தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் ஏறத்தாழ 67,000 சொற்களோடு வெளிவந்தது. இவற்றையெல்லாம் விஞ்சும் ஒரு பேரகராதி வேண்டும் என்று சென்னை மாகாண அரசு விரும்பியது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் என்னும் முதியவர் தலைமையில் 1913இல் பணி தொடங்கியது. ஒரு இலட்சம் ரூபாயில் முடியும் என்று எண்ணப்பட்ட வேலை, முடிவில் நான்கு இலட்சம் ரூபாயைத் தாண்டியது. சாண்ட்லர் 1922இல் விலகினார். அவருக்குப் பின் வந்தவர்களாலும் வேலை முடிவுக்கு வரவில்லை.

1926ஆம் ஆண்டு இறுதியில், தம் 35ஆம் வயதில், வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். வருமானம் தரும் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுச் சொற்களை எண்ணும் வேலைக்கு வந்தவரை அக்காலத்தில் சிலர் வியப்போடு பார்த்திருக்கக்கூடும். ஆனால் மு. இராகவையங்கார் போன்ற பெரும்புலவர்கள் பணியாற்றிய அந்த அலுவலகத்தில் அவர் பத்தாண்டுகள் அயராமல் உழைத்தார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. அவற்றில் 1,04,405 சொற்கள் இடம்பெற்றன. 1939இல் நிறைவுற்ற இணைப்புத் தொகுதியில் மேலும் 13,357 சொற்கள் சேர்ந்தன. மொத்தம் 1,17,762 சொற்கள்! இப்பணியைப் பாராட்டி அன்றைய அரசு அவருக்கு ராவ்சாகிப் பட்டம் வழங்கியது.

எண்ணிக்கையைவிட அந்த அகராதியின் அமைப்புதான் முக்கியமானது. ஒரு சொல்லை எடுத்தால் அதன் ஒலிப்பு, இலக்கண வகை, கன்னடம் தெலுங்கு மலையாளம் முதலிய மொழிகளில் உள்ள உறவுச்சொற்கள், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள் ஆகியவை வரிசையாக நிற்கும். அவற்றுக்குப் பிறகு, அந்தப் பொருளில் அச்சொல் ஆளப்பட்ட இலக்கிய இடம் சுட்டப்படும். இந்தப் பொருள் உண்டு என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கே உண்டு என்று காட்ட வேண்டும். இது வழக்கறிஞரின் மனம் விரும்பிய முறையல்லவா? இதே காலத்தில்தான் இங்கிலாந்திலும் ஜேம்ஸ் மர்ரே பதிப்பாசிரியராக இருந்து உழைத்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 1928இல் நிறைவு பெற்றது. சொற்களின் பிறப்பையும் வளர்ச்சியையும் சான்றுகளால் நிறுவும் பெருவேலை இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தேறியது நினைவுகொள்ளத்தக்கது.

அகராதி முடிந்த 1936இலேயே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் தலைமையை ஏற்று, 1946 வரை அப்பதவியில் இருந்தார். ஏறத்தாழ நாற்பது நூல்களைப் பதிப்பித்தார். 1940இல் பாட்டும் தொகையுமாகிய சங்க நூல்கள் அனைத்தையும் புலவர் வரிசையில் அமைத்துச் சமாஜப் பதிப்பாகக் கொண்டுவந்தார். புறத்திரட்டு என்னும் பழந்தொகை நூலையும் அவர் பதிப்பித்தார். முத்தொள்ளாயிரம், தகடூர் யாத்திரை முதலிய நூல்கள் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் பாடல்கள் சிலவாவது இன்று நம் கையில் இருப்பதற்கு அந்தத் தொகைநூல் பெருங்காரணம். இழந்த நூல்களில் எஞ்சியவற்றைக் காத்துத் தந்த பணி அது.

ஒரு சொல்லின் பயணம்

வையாபுரிப்பிள்ளை சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 'சொற்கலை விருந்து', 'சொற்களின் சரிதம்' என்னும் பெயர்களில் நூல்களாக வந்தன. மனிதருக்குச் சரிதம் இருப்பதுபோல் சொல்லுக்கும் சரிதம் உண்டு என்பதை இரண்டாவது நூலின் தலைப்பே சொல்லிவிடுகிறது. அவர் காட்டிய வழியில் நின்று, நாம் தொடங்கிய சொல்லின் சரிதத்தைச் சற்றுத் தொடர்ந்து பார்ப்போம்.

முதல் சான்று நம் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரங்களைப் படித்திருக்கிறோம். மரம் என்பதோடு வேர் சேரும்போது மகரம் கெட்டு மரவேர் என்றாகிறது. இங்கே மகரம் தீய எழுத்தாகிவிட்டதா? இல்லை, இருந்த இடத்தில் இல்லாமல் போயிற்று. தேர்வுக்காக நாம் எத்தனையோ முறை எழுதிய இந்தக் 'கெடுதல்', சொல்லின் மிகப் பழைய பொருளை நம் கண்முன்னேயே வைத்திருக்கிறது.

நற்றிணையில் ஓர் உவமை வருகிறது. தொலைந்துபோன நல்ல அணிகலன் மீண்டும் கையில் கிடைத்தது போன்ற மகிழ்ச்சி அங்கே பேசப்படுகிறது. தொலைத்ததைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் 'கெடுத்து' என்பதே. இன்று நாம் நகையைக் கெடுத்துவிட்டேன் என்றால் அதை வளைத்தோ உடைத்தோ பழுதாக்கிவிட்டேன் என்று பொருள்படும். அன்றைக்கு அது தொலைத்துவிட்டேன் என்று பொருள்பட்டது.

திருக்குறளுக்கு வந்தால், ஆக்கம் என்பதற்கு எதிராக நிற்பது கேடு. ஒன்று வரவு, மற்றொன்று இழப்பு. நடுவுநிலைமை அதிகாரத்தின் 117ஆம் குறளில் வள்ளுவர் ஒரு நுட்பமான கருத்தைச் சொல்கிறார். நடுவுநிலை தவறாமல் அறத்தில் நின்ற ஒருவன் அதனால் வறுமையுற்றால், அந்தத் தாழ்வை உலகம் கேடு என்று கருதாது என்பது அதன் கருத்து. வறுமைக்குக் கேடு என்பதே வழக்கமான பெயராக இருந்ததனால்தான் வள்ளுவர் இதை விலக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தவற்றை உணர்ந்த கணத்தில் தன் ஆயுளுக்கு வேண்டிக்கொண்ட முடிவும் இந்தக் கெடுதலே. அங்கே அது அழிவு.

அப்படியானால் தீமை என்ற பொருள் எங்கிருந்து வந்தது? பேச்சு வழக்கைக் கூர்ந்து கவனித்தால் ஒரு வழி தெரிகிறது. பால் கெட்டது, பழம் கெட்டது என்கிறோம். பொருள் தன் இயல்பை இழந்து பழுதாகிவிட்டது. அடுத்து மனிதனைப் பற்றிப் பேசும்போது நன்றிகெட்டவன், மானங்கெட்டவன், வெட்கங்கெட்டவன், புத்திகெட்டவன் என்கிறோம். இந்தச் சொற்களில் அவன் இழந்தது எது என்பது முன்னாலேயே நிற்கிறது. நன்றியை இழந்தான், மானத்தை இழந்தான், வெட்கத்தை இழந்தான், புத்தியை இழந்தான். காலப்போக்கில் முன்னால் நின்ற பெயர் உதிர்ந்துபோய், வெறும் 'கெட்டவன்' மட்டும் நின்றிருக்கலாம். எதை இழந்தான் என்ற விவரம் போய்விட்டது. பழி மட்டும் மிஞ்சிவிட்டது.

இழவு என்னும் சொல்லின் கதையும் இதற்கு நெருங்கியது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறப்பதற்குக் கூறப்படும் நான்கு காரணங்களில் இழவும் ஒன்று. சுற்றத்தாரை இழத்தலும் இன்பம் தருவனவற்றை இழத்தலும் அதில் அடங்கும். 372ஆம் குறளில் வரும் 'இழவூழ்' என்பது செல்வத்தை இழக்கச் செய்யும் ஊழ். அந்தப் பரந்த பொருள் பின்னர்ச் சுருங்கி, இழவு வீடு, இழவு ஓலை என்று சாவை மட்டும் குறிக்கலாயிற்று. இன்று நம் ஊர்ப் பேச்சில் 'எழவு' என்பது எரிச்சலில் வாய்க்கு வரும் வசையாகிவிட்டது. கண்ணீருக்கு உரிய சொல் கோபத்துக்கு உரிய சொல்லாயிற்று!

கடலுக்கு அப்பால்

இத்தகைய மாற்றம் தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆங்கிலத்தில் 'பெர்டிஷன்' என்றொரு சொல் உண்டு. அழித்தல், இழத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக அது இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தது. தொடக்கத்தில் முற்றிலும் அழிவதையும் இழப்பதையும் குறித்தது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் வேல்ஸ் நாட்டுப் படைத்தலைவன் ஃபுளூயெல்லன், எதிரிப்படைக்கு ஏற்பட்ட சேதத்தைக் கூறும்போது இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறான். அங்கே நரகமும் இல்லை, பாவமும் இல்லை. போரில் நேர்ந்த இழப்பு மட்டுமே. ஆனால் சமய வழக்கில் அச்சொல் ஆன்மா அடையும் அழிவையும் நரகத்தையும் குறித்தது. நாளடைவில் அந்தப் பொருளே மேலோங்கிவிட, பழைய பொருள் நூல்களுக்குள் ஒடுங்கிவிட்டது.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் ஆங்கில விவிலியத்தில் இந்தச் சொல் நிற்கும் இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைத்தார்கள் தெரியுமா? கேடு என்பதையே! யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் 'கேட்டின் மகன்' என்ற தொடர் வருகிறது. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகளில், இழப்பைக் குறித்த இரு சொற்கள் தனித்தனியே நடந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சந்தித்திருக்கின்றன. மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் போலும். ஒருவன் எல்லாவற்றையும் இழந்து நிற்கும்போது முதலில் இரங்குகிறார்கள். நாளாக நாளாக அவனிடமே குற்றம் காண்கிறார்கள்.

சான்றுக்குக் கொடுத்த விலை

மீண்டும் வையாபுரிப்பிள்ளைக்கு வருவோம். சொற்களுக்குக் கால வரலாறு உண்டு என்றால், அந்தச் சொற்களால் ஆன நூல்களுக்கும் காலம் குறிக்க முடியும் என்று அவர் கருதினார். ஒரு நூலில் உள்ள சொற்கள், இலக்கண வடிவங்கள், வடமொழிச் சொற்களின் அளவு, பிற நூல்களின் தாக்கம் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டார். அதன் முடிவாகத் தொல்காப்பியம் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்றும், திருக்குறள் அதற்கும் பிற்பட்டது என்றும், சிலப்பதிகாரம் இன்னும் பிற்பட்டது என்றும் எழுதினார்.

அவர் எழுதிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழின் தொன்மை தமிழரின் தன்மானத்தோடு பிணைந்திருந்த காலம் அது. பல நூற்றாண்டுகளாகத் தாழ்த்தப்பட்ட ஓரினம் தன் பழம்பெருமையைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்ற நேரத்தில், ஒருவர் வந்து நூல்களின் வயதைக் குறைத்துச் சொன்னால் மக்கள் பொறுப்பார்களா? கடுமையான எதிர்ப்பு எழுந்தது. வடமொழிச் சார்பினர், தமிழுக்கு எதிரானவர் என்னும் முத்திரைகள் அவர்மேல் குத்தப்பட்டன. பேரகராதியில் தூய தமிழ்ச் சொற்கள் பலவற்றுக்கு வடமொழி மூலம் காட்டப்பட்டுள்ளது என்று மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் கண்டித்து, அதன் குறைகளைக் காட்டத் தனி நூலே எழுதினார்.

எதிர்த்தவர்கள் அனைவரும் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. பாவாணரின் கண்டனத்துக்குப் பின்னால் ஆழ்ந்த புலமை இருந்தது. 1974இல் தொடங்கப்பட்ட செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார். 1981இல் மறையும்வரை அதற்காக உழைத்தார். வையாபுரிப்பிள்ளை குறித்த காலங்கள் சிலவற்றைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. தமிழ்ப் பிராமி கல்வெட்டுகளைப் பற்றிய ஆய்வுகளும், 2015இல் தொடங்கிய கீழடி அகழாய்வும் தமிழரின் எழுத்தறிவையும் நகர வாழ்வையும் குறித்துப் புதிய சான்றுகளைத் தந்துள்ளன. அவர் இன்றிருந்தால் அந்தப் பானையோடுகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விட்டிருப்பாரா? சான்று மாறினால் முடிவும் மாற வேண்டும் என்பதே அவருடைய முறைக்குள் அடங்கிய நீதி. அவருடைய முடிவுகளை மறுப்பதற்கும் அவர் கற்பித்த முறையே நமக்கு வேண்டியிருக்கிறது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கருத்தை மறுத்ததோடு நில்லாமல் மனிதரையே கெட்டவராக்கிவிட்ட வேகம் அது. ஊரார் விரும்புவதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் புகழ்மாலை குவிந்திருக்கும். தமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லி அவர் இழந்தது அந்தப் புகழை. 117ஆம் குறளை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நடுவுநிலையில் நின்று தாழ்வுற்றவனின் தாழ்வு கேடாகாது என்றால், வையாபுரிப்பிள்ளைக்கு நேர்ந்ததும் கேடாகாது.

1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். வழக்கறிஞராக அடியெடுத்து வைத்த அதே திருவனந்தபுரத்துக்குப் பேராசிரியராக மீண்டும் சென்றார். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தமது 64ஆம் வயதில் இயற்கை எய்தினார். தமிழ் மொழி, இலக்கிய வரலாறு குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அந்த ஆண்டே வெளிவந்தது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ மூவாயிரம் நூல்கள் கல்கத்தா தேசிய நூலகத்துக்குச் சென்று, அவர் பெயரிலேயே தனித் தொகுப்பாக உள்ளன. அதே 1956இல்தான், அப்போது சிங்கப்பூரில் இயங்கிவந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. ஓரறிஞர் அங்கே கண்மூடிய ஆண்டில், இங்கே தமிழாய்வுக்கு ஒரு வாசல் திறந்தது.

நம் மண்ணில் அந்தச் சொல்

நான் பிறந்து வளர்ந்த தானா ராத்தா, கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். அவர்களோடு அவர்களுடைய தமிழும் மலையேறியது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். இருந்தாலும் பெரியவர்களின் வாயில் பழைய தமிழ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்பார்கள். அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். நன்றாக இருந்தவர்கள், இன்று இல்லாமல் போனவர்கள் என்பது அதன் பொருள். அதில் இகழ்ச்சி கிடையாது; இரக்கமும் ஒருவகை மரியாதையும் உண்டு. ஔவையாரின் 'கெட்டாலும்' அப்படியே அங்கே நிற்கிறது. அகராதியைத் திறக்காமலேயே அந்தப் பாட்டிமார்கள் மூதுரைக்குச் சரியான உரை சொல்லிவிடுவார்கள்.

அதே ஊரில் எங்கள் தலைமுறை 'கெட்டுப்போனவன்' என்று சொல்லும்போது பொருள் வேறு. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன், கடைத்தெருவில் நிற்பவன், வம்புக்குப் போனவன் என்றெல்லாம் அது ஒருவனை முடித்துவைத்துவிடும். அதற்குமேல் யாரும் எதையும் கேட்பதில்லை. பாட்டியின் சொல்லும் பேரனின் சொல்லும் ஒன்றுதான். ஆனால் பாட்டியின் சொல் ஒருவனுக்காக வருந்துகிறது, பேரனின் சொல் அவனை ஒதுக்குகிறது.

நாட்டின் பல பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோது, வேலையோடு சேர்ந்து வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல. தோட்டம் போனால் கோயிலும் பள்ளியும் அக்கம்பக்கத்து உறவும் சேர்ந்தே போயின. நகர்ப்புறத்து ஓரங்களில் வந்து குடியேறிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் தடம் மாறியதும் உண்மை. அவர்களை நாம் என்ன பெயரிட்டு அழைத்தோம் என்பதும் நமக்குத் தெரியும். நன்றிகெட்டவன், மானங்கெட்டவன் என்னும் சொற்களில் உதிர்ந்துபோன முன்பாதியை இவர்களுக்கு யாரும் திரும்பத் தேடிப் பார்க்கவில்லை. இவன் கெட்டது எதை? வீட்டையா, தகப்பனையா, பள்ளியையா, தன்மேல் வைத்த நம்பிக்கையையா?

சொல்லின் வரலாற்றைப் படிப்பது புலவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் நினைக்கலாம். வையாபுரிப்பிள்ளையின் வாழ்க்கை அப்படி நினைக்க விடுவதில்லை. ஒரு சொல்லின் பழைய பொருளை அறிந்தவன் பழம்பாடலைச் சரியாகப் படிப்பான். பக்கத்தில் நிற்கும் மனிதனையும் சற்றுப் பொறுமையாகப் படிப்பான். தீயவன் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் சான்று கேட்பான்.

பேரகராதியின் எல்லாத் தொகுதிகளும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மின்னகராதித் தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும், பல தலைமுறைப் புலவர்களின் உழைப்பு திரையில் வந்து நிற்கும். தமிழ்ப்பள்ளியோடு தமிழை விட்டுவிட்டு, இடைநிலைப் பள்ளியில் ஓரிரு பாட நேரமாக மட்டும் அதைத் தொட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது பெருங்கொடை. இந்த வாரம் ஒரே ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பேச்சில் வந்து, உங்களுக்குப் பொருள் பிடிபடாமல் போன ஏதாவது ஒரு சொல். அது எங்கிருந்து புறப்பட்டது, வழியில் எதை இழந்தது, எதைப் பெற்றது என்று பாருங்கள். பிறகு அவரிடமே போய் அதைப் பற்றிக் கேளுங்கள். அகராதியில் ஏறாத ஒரு பொருள்கூட அவரிடம் இருக்கக்கூடும்.